திறப்புவிழாப் பந்துவீச்சாளர்

ஒரு கிரிக்கெட் ஆட்டம் எதில் தொடங்குகிறது என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள்கூட நாணயம் சுண்டுவதில் என்பார்கள். தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியதால் வரும் தவறு இது. ஆந்திராவில், சித்தூர்–திருப்பதிப் பக்கத்து நீவா–சுவர்ணமுகி மண்டலக் கிரிக்கெட் சங்கத்தின் ஆட்டங்கள் ஷாமியானாவில் தொடங்குகின்றன.

முதலில் ஷாமியானா கட்டுவார்கள். அதற்குள் சோபாக்கள். சோபாக்களுக்கு முன்னால் குத்துவிளக்கு. குத்துவிளக்குக்குக் காற்று ஆகாது. மைதானம் என்றாலோ காற்று அடிக்கத்தான் செய்யும். ஆகவே அணியின் மிக உயரமான ஆட்டக்காரர்கள் மூவர் விளக்கைச் சுற்றி மறைப்பாக நிற்பார்கள். சங்கம் வேகப்பந்து வீச்சாளர்களைத் தேர்ந்தெடுக்கும்போது உயரம் பார்ப்பது இதற்காகத்தான்.

விளக்கேற்றிய பிறகு இறைவணக்கம், சால்வை, பூங்கொத்து, பேச்சு. எல்லாம் இரண்டு தடவை. மாவட்டம் சித்தூர் என்றும் திருப்பதி என்றும் இரண்டான பிறகு, சங்கத்தைப் பிரிப்பதா வேண்டாமா என்று யோசித்தார்கள். பிரித்தால் இரண்டு தலைவர்கள் வேண்டும். இருந்த ஒரு தலைவருக்கு அதில் விருப்பமில்லை. எனவே சங்கம் ஒன்றாகவே இருந்தது. விளக்கு மட்டும் இரண்டானது. ஆடுகளத்தின் ஒரு முனைக்குச் சித்தூர் முனை என்றும் எதிர்முனைக்குத் திருப்பதி முனை என்றும் பெயர் வைத்தார்கள். எதைச் செய்தாலும் இரண்டு முனைகளிலும் செய்தாக வேண்டும்.

இவை எல்லாம் முடிந்தபின் வருவதுதான் திறப்புவிழாப் பந்து. சிறப்பு விருந்தினர் கோட்டும் மாலையுமாகக் கையில் மட்டையைப் பிடித்து நிற்பார். ஒருவர் பந்து வீசுவார். விருந்தினர் அதை அடிப்பார். புகைப்படம் எடுப்பார்கள். எல்லோரும் கைதட்டுவார்கள். அதற்குப் பிறகு, நேரம் மிச்சமிருந்தால், ஆட்டம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான சிறப்பு விருந்தினர்கள் மட்டையை அன்றுதான் முதல்முறையாகப் பிடிக்கிறார்கள். மட்டையைப் பந்திடம் கொண்டுபோவது எப்படி என்று அவர்களுக்குத் தெரியாது. அப்படியானால் பந்தை மட்டையிடம் கொண்டுபோக ஒருவர் வேண்டும். அவர்தான் நம் பிரபாகர்.

பிரபாகர் நகரிக்காரன். வீட்டில் விசைத்தறி. நல்ல வேகத்தில் பந்து வீசுவான். பதினோரு வருஷங்களுக்கு முன் சித்தூரில் அணித்தேர்வு நடந்தபோது, அவனும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் நின்ற பையன் மூன்று பந்துகளில் இரண்டு முறை ஸ்டம்பை உடைத்தான். தேர்வாளர்கள் அவனை உடனே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்டம்ப் சங்கத்தின் சொத்து.

அணித்தேர்வுக்கும் ஒரு திறப்புவிழா உண்டல்லவா? சங்கத் தலைவர் ஜெகநாதன் மட்டையோடு நின்றார். பங்காருபாளையத்தில் அவருக்குப் பெரிய மாந்தோப்பு. மட்டையையும் மாங்காய் பறிக்கும் தொரட்டி போலத்தான் பிடித்திருந்தார். அதாவது தலைக்கு மேலே தூக்கி, தூக்கியபடியே வைத்திருந்தார். காலையிலிருந்து வந்த ஒவ்வொரு பந்தும் அவருக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. ஒன்று முழங்காலில் பட்டது. புகைப்படக்காரர் டீ குடிக்கப் போய்விட்டார்.

பிரபாகர் முறை வந்தது. அவன் ஒரு கணம் நின்று பார்த்தான். மட்டை இறங்கப்போவதில்லை என்று புரிந்தது. ஓடிவந்து, தரையில் படாமல், தலைவரின் உச்சிக்கு மேலாக மெதுவாக ஒரு பந்து போட்டான். அது மட்டையின் நடுவில் போய் ‘டக்’ என்று பட்டது.

தலைவர் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார்பா நீ?" என்றார் செயலாளர் சுரேஷ்பாபு, ஷாமியானாவிலிருந்து எழுந்து வந்து.

"பிரபாகர் சார். நகரி."

"இன்னொரு பால் அதே எடத்துல போடுவியா? போட்டோகிராபர் இல்ல."

போட்டான். அதே இடம். ஜெகநாதன் செயலாளரைத் தனியாகக் கூப்பிட்டு, "சுரேஷு, இந்தப் பையன விடாத. நான் நல்லா ஆடறேன்னு இன்னிக்கிதான் எனக்கே தெரிது" என்றார்.

இப்படித்தான் பிரபாகர் நீவா–சுவர்ணமுகி அணியில் சேர்ந்தான். மண்டலங்கள் மோதும் நான்கு நாள் ஆட்டப் போட்டியான தக்காணக் கோப்பையில் ஆடப்போகிறோம் என்று அவன் நினைத்தான். ஒருவகையில் சரிதான். ஒவ்வொரு ஆட்டத்திலும் பதினோரு பேரில் அவன் பெயர் இருக்கும். அணியில் இல்லாத ஒருவன் பந்துவீசினால் சிறப்பு விருந்தினருக்கு அது மரியாதைக் குறைவு என்று சங்கம் கருதியது. ஆனால் திறப்புவிழாப் பந்துக்குப் பிறகு அவனைப் பந்தைத் தொட விடமாட்டார்கள். பந்து அதிகம் வராத எல்லைக்கோட்டு மூலையில் நிறுத்துவார்கள். அங்கே ஒரு நாற்காலியும் போடச் சொன்னார் செயலாளர், நடுவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"சார், ஒரு ஓவர்னா குடுங்க சார்" என்று முதல் வருஷம் கேட்டான்.

"பிரபாகர், நீ நம்ம சங்கத்துக்கு கோல்டு. கோல்ட போட்டுக்கினு யார்னா தறி ஓட்டுவாங்களா? லாக்கர்ல வெச்சி எடுக்கணும். கைல அடிகிடி பட்டா இன்னா பண்றது? மேட்ச் தோத்தா அடுத்த மேட்ச் கீது. இனாகரேஷன் தோத்தா அடுத்த தடவ எந்த வி.ஐ.பி. வருவாரு சொல்லு?"

அடுத்த வருஷமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வருஷம், "போன வருஷம் சொன்னதுதான்" என்றார்.

இதற்கிடையில் பிரபாகரின் கலை வளர்ந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். சாதாரணப் பந்துவீச்சாளர் ஓடிவரும்போது ஸ்டம்பைப் பார்க்கிறார். பிரபாகர் மட்டையைப் பார்த்தான். தொரட்டி போலத் தூக்கிப் பிடிப்பவர்கள் இருந்தார்கள். குடையை ஊன்றுவது போல மட்டையை ஊன்றிச் சாய்ந்து நின்றுவிடுபவர்கள் இருந்தார்கள். பந்து வருவதற்கு வெகு முன்பே வாசல் பெருக்குவது போல வீசிவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பவர்களும் உண்டு. இவர்களுக்கு மட்டை திரும்பி வரும் வழியில் பந்தைச் சந்திக்க வைக்க வேண்டும். திருச்சானூரில் ஒரு லாட்ஜ் அதிபர் மட்டையை முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டார். பிரபாகர் பந்தைச் சுழற்றி, அவருக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பட வைத்தான். அவர் இன்றுவரை அதைத் தன் திட்டம் என்றே சொல்லிவருகிறார்.

மட்டையில் பட்டால் மட்டும் போதாது. பட்ட பந்து எங்கே போகிறது என்பதும் முக்கியம். முதல் விழாவிலேயே அது நேராகப் போய்ப் புகைப்படக்காரரின் லென்ஸை உடைத்தது. அதன்பின் ஓர் ஏற்பாடு வந்தது. பந்துவீசுபவருக்கு வலப்பக்கம், ஆட்கள் மிட்-ஆன் என்று சொல்லும் இடத்தில், செயலாளர் சுரேஷ்பாபு நிற்பார். பந்து அவரிடம் வர வேண்டும். அவர் அதை வாங்கித் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டி, விருந்தினரிடம் கையெழுத்துக்குக் கொடுப்பார்.

"ஆனா தரையில உருண்டு வரக்கூடாது. குனிஞ்சன்னா போட்டோல வழுக்க தெரியும். நெஞ்சுக்கு நேரா வரணும்" என்றார் சுரேஷ்பாபு.

நெஞ்சுக்கு நேராக வரவைத்தான் பிரபாகர். இதில் மந்திரமில்லை. பந்து மெதுவாகப் போனால் மட்டை முன்கூட்டியே சுழன்று, அதன் முகம் கொஞ்சம் மேல்நோக்கித் திரும்பியிருக்கும். அப்போது பந்து காற்றில் எழும்பி அந்தப் பக்கமாகப் போகும். எவ்வளவு மெதுவாக என்பதுதான் கணக்கு. பதினோரு வருஷங்களில் ஒரு முறைகூட சுரேஷ்பாபு குனிய வேண்டியிருக்கவில்லை.

புகழ் பரவியது. பல் மருத்துவமனை, பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம் என்று எதைத் திறந்தாலும் பிரபாகரைக் கூப்பிட்டார்கள். பல் மருத்துவமனைக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. ரிப்பன் வெட்டுவது பழைய பாணி.

அவன் மனைவி துர்காதேவி, கல்யாணத்துக்குப் பின் இருவரும் குடியேறிய திருச்சானூரில், ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். அறை கேட்டு வருபவர்களிடம் தன் கணவன் கிரிக்கெட் ஆடுகிறான் என்று சொல்வாள். அவர்கள் உடனே கைப்பேசியில் அவன் பெயரைத் தேடுவார்கள். ஆட்டங்கள் வரிசையாக வரும். ஓவர்கள் என்ற இடத்தில் ஒரு கோடு, விக்கெட்டுகள் என்ற இடத்தில் ஒரு கோடு. கைப்பேசியைத் திருப்பி அவளிடமே காட்டுவார்கள்.

"இன்னா மாமா, நீ பந்து போடறவனா, கோடு போடறவனா?" என்று ஒரு சாயங்காலம் கேட்டாள்.

"நானும் கேட்டுக்கினுதான் கீறேன்."

"நீ கேக்கற மாதிரி கேட்டா யாரு குடுப்பா? ‘சார் சார்’னு கைய கட்டிக்கினு. எங்க நைனா போன வாரம்கூட கேட்டாரு. ‘மாப்ள எத்தினி விக்கெட்டு எடுத்தாரு’ன்னு. ‘எண்ணிக்கினு கீறாங்க’ன்னு சொல்லி வெச்சிக்கீறேன். ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கினு வா மாமா. அப்பறம் நீ எந்தப் பெட்ரோல் பங்குல வேணா பந்து போடு."

அந்த ஒன்றுக்கும் அவகாசம் குறைந்துகொண்டு வந்தது. சங்கத்தில் ஒரு விதி உண்டு. முப்பத்தைந்து வயதுக்குள் ஒரு விக்கெட்கூட எடுக்காத பந்துவீச்சாளரை அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதற்கு ‘மரியாதை ஓய்வு’ என்று பெயர், சால்வை உண்டு. பிரபாகருக்கு ஐப்பசியில் முப்பத்தைந்து முடிகிறது. அதற்கு முன் மிஞ்சியிருந்தது ஒரே ஆட்டம். புரட்டாசியில், திருப்பதியில், கோதாவரி மண்டலத்துக்கு எதிராக.

அவன் செயலாளரிடம் போய் நின்றான்.

"சார், பால் குடுத்தாத்தானே சார் விக்கெட்டு எடுக்க முடியும்? நீங்களே குடுக்காம, எடுக்கலன்னு நீங்களே அனுப்பினா எப்படி சார்?"

சுரேஷ்பாபு அவனைப் பரிவோடு பார்த்தார். "நியாயமான கேள்விதான்பா. நான் இல்லன்னு சொல்லல. ஆனா விதின்னு ஒண்ணு கீது இல்லியா? அத எழுதனதே நான்தான். நானே எழுதி நானே மீறனன்னா, நாளைக்கி என்ன நானே மதிப்பனா? கவலப்படாத. ஓய்வு குடுத்த கையோட உன்ன திறப்புவிழா அலுவலர் ஆக்கறோம். பர்மனென்ட். அப்பறம் மேட்ச் தொந்தரவே உனக்கு இருக்காது."

மேட்ச் தொந்தரவு. பிரபாகர் அந்தச் சொல்லோடு ஷேர் ஆட்டோவில் ஏறித் திருச்சானூர் வந்து சேர்ந்தான்.

கோதாவரி ஆட்டம் முறைப்படி நடந்தது. அதாவது முதல் நாள் உணவு இடைவேளை வரை திறப்புவிழா நடந்தது. சித்தூர் முனையில் ஜெகநாதன் ஒரு பந்தை அடித்தார். திருப்பதி முனைக்கு நடந்து போய் அங்கேயும் ஒன்றை அடித்தார். இரண்டும் சுரேஷ்பாபுவின் நெஞ்சுக்கு நேராக வந்தன. கோதாவரி ஆட்டக்காரர்கள் இதைப் பார்த்துக்கொண்டே மூன்று முறை உடம்பைச் சூடேற்றி, மூன்று முறையும் ஆறிப்போனார்கள்.

நான்காவது நாள் சனிக்கிழமை. கோதாவரி ஜெயிக்க இன்னும் கொஞ்சம் ரன்கள் வேண்டும். நம் அணிக்கு இன்னும் சில விக்கெட்டுகள் வேண்டும். நல்ல நிலைமை. அன்று காலையில்தான் செயலாளருக்கு ஒரு யோசனை தோன்றியது. தக்காணக் கோப்பைக் குழுவிலிருந்து பார்வையாளராக ஒருவர் வந்திருந்தார். அவரோடு குடும்பமும் வந்திருந்தது. குடும்பத்துக்குத் திருமலையில் தரிசனம் செய்ய ஆசை. பைகளைத் தூக்க, குழந்தையைத் தோளில் வைத்துக்கொள்ள, கூட்டத்தில் தொலைந்துபோகாமல் இருக்க உயரமான ஆட்கள் வேண்டும். சங்கத்தில் உயரமானவர்கள் மூன்று பேர்தான். மூவரும் வேகப்பந்து வீச்சாளர்கள்.

"ரெண்டு மணி நேரத்துல வந்துடுவாங்க" என்றார் சுரேஷ்பாபு.

புரட்டாசி சனிக்கிழமை. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் எந்தக் குழப்பமும் இல்லை.

இங்கே ஒரு விதியை விளக்க வேண்டும். மைதானத்தை விட்டுப் போனவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்களை நிறுத்திக்கொள்ளலாம். அந்த மாற்று ஆட்கள் ஓடலாம், பந்தைப் பிடிக்கலாம். ஆனால் பந்துவீசக் கூடாது. இன்னொரு விதி: ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு ஓவர் போட முடியாது. ஆகவே எவ்வளவு குறைந்தாலும் இரண்டு பேர் வேண்டும். பிற்பகலில் கோதாவரியின் கடைசி ஜோடி ஆடிக்கொண்டிருந்தபோது, நம் பக்கம் பந்துவீச மிச்சம் இருந்தவர்கள் இரண்டு சுழற்பந்துக்காரர்கள். ஒருவன் அணித்தலைவன் கௌஸ்துப். மற்றவனுக்கு விரலில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. ஒரு விக்கெட் வேண்டும். கோதாவரிக்கு வேண்டியது பதினாறு ரன்.

கௌஸ்துப் திருப்பதிப் பையன். நல்லபடி வளர்த்திருந்தார்கள், யாராவது பேசி முடித்தால், கேட்டானோ இல்லையோ, முதலில் கைதட்டுவது அவன்தான். அவன் எல்லைக்கோட்டுக்கு ஓடினான்.

"சார், பிரபாகர் அண்ணாவ போடச் சொல்றேன்."

"அய்யோ!" என்றார் சுரேஷ்பாபு. "திங்கக்கெழம கல்யாண மண்டபம் திறப்பு கீதுப்பா. கைல ஏதாவது ஆச்சின்னா?"

"வேற ஆளே இல்ல சார். நீங்க போடறேளா?"

சுரேஷ்பாபு கொஞ்சம் யோசித்தார். கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றினார். தான் பதினோரு பேரில் இல்லை என்பதை யாரோ நினைவுபடுத்திய பிறகு, மனசில்லாமல், "சரி. ஒரே ஓவர். வேகமா ஓட வேணான்னு சொல்லு" என்றார்.

பதினோரு வருஷம் கழித்து, உண்மையான ஆட்டத்தில், பந்து பிரபாகர் கைக்கு வந்தது. அவன் அதைச் சட்டையில் தேய்த்தான். ஸ்டம்பைப் பார்த்தான். ஸ்டம்பை மட்டும்தான் பார்க்க வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஓடிவந்தான்.

கடைசி அடியில் கண் மட்டையின் மேல் போய்விட்டது.

‘டக்.’ நடுமட்டை.

அடித்தவர் கோதாவரியின் கடைசி ஆட்டக்காரர். வாழ்க்கையில் ஒரு பந்தும் அவர் மட்டையின் நடுவில் பட்டதில்லை. அவர் திகைத்து நிற்க, பந்து எல்லைக்கு ஓடியது. அதைத் தடுத்திருக்கலாம். ஆனால் ‘டக்’ என்ற சத்தம் கேட்டதும், அதைப் பதினோரு வருஷமாகக் கேட்டுப் பழகிய நம் அணி முழுவதும் நின்ற இடத்தில் நின்று கைதட்டியது. ஷாமியானாவில் இருந்தவர்கள் தட்டினார்கள். பேண்டு வாத்தியக்காரர்கள் தூக்கத்திலிருந்து எழுந்து வாசித்தார்கள். "ஆட்டத்தை இனிதே துவக்கி வைத்த நமது சிறப்பு விருந்தினர் அவர்களுக்கு..." என்று ஒலிபெருக்கி ஆரம்பித்தது. சால்வைக்குப் பொறுப்பானவர் சால்வையோடு ஓடிவந்து கோதாவரி ஆட்டக்காரருக்குப் போர்த்திவிட்டுப் போனார்.

நான்கு ரன்.

நடுவர் சால்வையை எடுக்கச் சொன்னார். ஆட்டக்காரர் அதை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

இரண்டாவது பந்தில் பிரபாகர் ஸ்டம்புக்கு வெளியே போடப் பார்த்தான். மட்டை வெளியே போனது. பந்தும் கூடவே போனது. மறுபடியும் நடுமட்டை. மறுபடியும் கைதட்டல். நான்கு. மூன்றாவது பந்து ஆறு. அதற்கு ஜெகநாதன் எழுந்து நின்று தட்டினார்.

கோதாவரி ஆட்டக்காரர் ஓடிவந்து பிரபாகரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்களில் நீர். "அன்னா, ஏம் பால் அன்னா! மா ஊரிகி ரா அன்னா! மா இன்ட்லோனே உண்டு!" என்றார். என்ன பந்து அண்ணா, எங்கள் ஊருக்கு வா, எங்கள் வீட்டிலேயே இரு என்று அர்த்தம்.

இரண்டே ரன் பாக்கி. கௌஸ்துப் தலையில் கைவைத்துக்கொண்டு வந்தான். "என்னண்ணா பண்றேள்? அவன் மட்டைய தேடித் தேடிப் போடறேளே!"

"நான் போடலப்பா. அது தானா போவுது. ஸ்டம்ப பாக்கத்தான் ஓடி வரேன், கண்ணு மட்டைக்கி போய்டுது. இன்னும் பத்து வருஷம் போட்டாலும் இந்தக் கை மட்டையிலதான் போய் விழும்."

சொல்லிவிட்டு அவனே ஒரு கணம் நின்றான். மட்டையில்தான் விழும். சரி. அப்புறம்? அப்புறம் எங்கே போகும் என்பது இந்த மைதானத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"கௌஸ்துப்பு, நம்ம செக்ரட்டரி நிப்பாரே, அந்த எடம் தெரிமா?"

"கண்ண மூடிண்டு சொல்வேன். அதோ அங்க."

"அங்க போய் நில்லு. நெஞ்சுக்கு நேரா கைய வெச்சிக்கோ. அசையாத. முக்கியமா, கை தட்டிப்புடாத."

"மாட்டேண்ணா."

"சத்தியமா?"

கௌஸ்துப் நேர்மையான பையன். "சத்தியமெல்லாம் வேண்டாம்ணா. பழக்கம்னு ஒண்ணு இருக்கோல்லியோ? முயற்சி பண்றேன்."

பிரபாகர் திரும்பி நடந்தான். இந்த முறை அவன் ஸ்டம்பைப் பார்க்கவே இல்லை. கோதாவரி ஆட்டக்காரரின் மட்டையை, ஜெகநாதனின் மட்டை என்று நினைத்துக்கொண்டு பார்த்தான். ஓடிவந்தான். மெதுவாக, பல் மருத்துவமனைக்குப் போடுவது போல, ஒரு பந்து போட்டான்.

கோதாவரி ஆட்டக்காரர் ஆசையோடு சுழற்றினார். மட்டை முன்னதாகவே வந்துவிட்டது. முகம் மேல்நோக்கித் திரும்பியது. ‘டக்.’ பந்து எழும்பி, வளைந்து, செயலாளரின் இடத்துக்கு, நெஞ்சுக்கு நேராக வந்தது.

சத்தம் கேட்டதும் அணி கைதட்டியது. ஷாமியானா கைதட்டியது. பேண்டு முழங்கியது. கௌஸ்துப் தன்னால் முடிந்தவரை அடக்கிப் பார்த்தான். முடியவில்லை. அவன் கைகள் இரண்டும் விரிந்தன, விரிந்தவை சேர்ந்தன.

சேரும்போது நடுவில் பந்து இருந்தது.

கௌஸ்துப் கைகளைப் பார்த்தான். மறுபடியும் தட்டுவதற்கு விரிக்கப் போனான். "விரிக்காதடா!" என்று பிரபாகர் போட்ட சத்தம் மலையடிவாரத்து அலிபிரி வரை கேட்டிருக்கும்.

நடுவர்கள் இருவரும் கூடிப் பேசினார்கள். பிடிக்கும் எண்ணத்தோடு பிடித்தானா, பாராட்டும் எண்ணத்தோடு பிடித்தானா என்று ஒருவருக்குச் சந்தேகம். ஆனால் கிரிக்கெட் விதிகள் இதில் தெளிவானவை. பந்து தரையைத் தொடாமல் கைக்குள் அடங்கியிருக்க வேண்டும். அந்தக் கை எதற்காகச் சேர்ந்தது என்று விதி கேட்பதில்லை. விரல் உயர்ந்தது. கோதாவரி ஆட்டக்காரர் இடுப்பில் சால்வையோடு சிரித்துக்கொண்டே வெளியேறினார். அவர் நாலு பந்தை நடுமட்டையில் அடித்திருந்தார். தோல்வி அவருக்குப் பொருட்டில்லை.

பிரபாகர் மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

நிறைவு விழாவில் ஜெகநாதன் பேசினார்.

"பெரியோர்களே! இந்தப் பிரபாகர் பந்த நான் பதினோரு வருஷமா அடிச்சிக்கினு கீறேன். ஒரு தடவகூட அவுட் ஆனதில்ல. அப்பேர்ப்பட்ட பந்துல ஒருத்தன் அவுட் ஆறான்னா, அவனுக்கு ஆட்டம் தெரிலன்னு அர்த்தம். இந்த வெற்றிக்கி காரணம் யாரு? சங்கம்! வேகப்பந்துக்காரங்கள மலைக்கி அனுப்பனது யாரு? சங்கம்! அவங்க இங்க இருந்திருந்தா இந்த வெற்றி வந்திருக்குமா?"

எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த தக்காணக் கோப்பைப் பார்வையாளர் மட்டும் ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார். குடும்பம் இன்னும் மலையிலிருந்து இறங்காததால் அவருக்குப் பேச்சைக் கவனிக்க நேரமிருந்தது.

"ஒரு சந்தேகம்" என்றார் அவர், உள்நோக்கம் எதுவும் இல்லாமல். "முதல் நாள் நீங்க அடிச்ச பந்தும் இப்படித்தான் போச்சு. செக்ரட்டரி தரையில படாம பிடிச்சார். அப்ப அதுவும் கேட்ச்தானே? ரெண்டு முனையிலயும்?"

ஜெகநாதன் ஒலிபெருக்கியை விட்டு மெல்லத் திரும்பிச் செயலாளரைப் பார்த்தார். சுரேஷ்பாபு குனிந்து செருப்பைச் சரிசெய்தார். அன்றுதான் பலர் அவர் வழுக்கையைப் பார்த்தார்கள்.

அன்றிரவு தலைவர் பங்காருபாளையம் வீட்டில் கூடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றதாகச் சொல்கிறார்கள். சுவர் முழுக்கத் திறப்புவிழாப் படங்கள். எல்லாப் படத்திலும் அவர் சிரிக்கிறார். எல்லாப் படத்திலும் பின்னால் சுரேஷ்பாபு, நெஞ்சுக்கு நேராகப் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அடுத்த வாரம் சித்தூரில் ஒழுங்கு நடவடிக்கைக் கூட்டம். இரண்டு விளக்குகள் ஏற்றப்பட்டன. இறைவணக்கம் முடிந்ததும் பிரபாகரை உள்ளே கூப்பிட்டார்கள்.

"பதினோரு வருஷம்" என்றார் ஜெகநாதன். "ஒவ்வொரு விழாவுலயும் என்ன அவுட் ஆக்கிக்கீற. நான் அவுட் ஆயிட்டு, அதுக்கு நானே சிரிச்சி, போட்டோ புடிச்சி, ஃபிரேம் போட்டு மாட்டிக்கீறேன். பந்துல கையெழுத்து வேற. எங்க வீட்டம்மா கேக்கறா, ‘ஒரு தடவகூடவா நாட் அவுட் இல்ல’ன்னு. இன்னா பதில் சொல்றது?"

"சார், நீங்க மட்டையில படணும்னுதான்..."

"பட்டுது. நான் இல்லன்னு சொல்லல. ஆனா பட்டு எங்க போச்சி?"

சுரேஷ்பாபு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பந்துகளைப் பிடித்த குற்றத்துக்காக அவருக்கு ஏற்கெனவே ஒரு தண்டனை கிடைத்திருந்தது: இனிமேல் விழாக்களில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சங்கத்தின் முடிவை அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"பிரபாகர், நீ விக்கெட்டு எடுத்துட்டதால உனக்கு மரியாத ஓய்வு கெடையாது. அந்த மரியாத உனக்கு இல்ல. ரெண்டாவது, ஆள அவுட் ஆக்கற பந்துவீச்சாளர வி.ஐ.பி.ங்க முன்னால நிறுத்தறது ஆபத்து. இனிமே எந்தத் திறப்புவிழாவுலயும் நீ பந்து போடக் கூடாது. பந்த மட்டையில முன்கூட்டியே கோந்து போட்டு ஒட்டிக் குடுத்துடறதுன்னு தீர்மானம் ஆயிருக்குது." அவர் நிறுத்தி, மூச்சு வாங்கி, மிகக் கடுமையான குரலில் முடித்தார். "உனக்கு தண்டன என்னன்னா, இனிமே நீ மேட்ச்ல மட்டும்தான் பந்து போடணும். எல்லா மேட்ச்லயும்."

பிரபாகருக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சிரித்தால் தண்டனையைக் குறைத்துவிடுவார்களோ என்று பயம். தலையைக் குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"ரொம்ப கஷ்டம்தான்" என்றார் சுரேஷ்பாபு, மனம் இளகி. "ஆனா விதி."

கூட்டத்தில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்தச் சோகமான முகத்தை அவன் சித்தூரிலிருந்து திருப்பதி வரை பஸ்ஸிலும், திருப்பதியிலிருந்து திருச்சானூர் வரை ஷேர் ஆட்டோவிலும் பத்திரமாகக் கொண்டுவந்தான். சங்கத்து ஆட்கள் எங்கே வேண்டுமானாலும் இருப்பார்கள். லாட்ஜுக்குள் நுழைந்தபோது துர்காதேவி கைப்பேசியை அறை கேட்டு வந்த ஒருவரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். "கோடு இல்ல சார், நல்லா பாருங்க. ஒண்ணு. நம்பர் ஒண்ணு." அவன் முகத்தைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"இன்னா மாமா ஆச்சி? வேலய எடுத்துட்டாங்களா?"

"தண்டன குட்த்துட்டாங்க."

"இன்னா தண்டன?"

"சாவற வரைக்கும் மேட்ச்ல மட்டும்தான் பந்து போடணுமாம்."

துர்காதேவிக்கு அது புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும், வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்று, அறை கேட்டு வந்தவர் திடுக்கிடும்படி, கைதட்டினாள்.

பிரபாகர் பழக்க தோஷத்தில் வலப்பக்கம் திரும்பி, பந்து யார் கையில் போயிருக்கிறது என்று பார்த்தான்.